நாற்பதுக்கு மேல் ஓடத் தொடங்குகிறீர்களா? ரத்தப் பரிசோதனையிலிருந்து முதல் 10 கிலோமீட்டர் வரை

இரண்டு வருடத்தில் மூன்று முறை ஓடத் தொடங்கி மூன்று முறையும் விட்டேன். முதல் தடவை நான்கு நாள். அடுத்தது பதினோரு நாள். மூன்றாம் தடவை முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி கண்டு, ஒரு மாதம் மாடிப்படி இறங்கவே கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருந்தது. நான்காவது முறைதான் ஓட்டம் ஒட்டிக்கொண்டது. அப்போது எனக்கு 43 வயது. வங்கி வேலை, நங்கநல்லூரில் வீடு, இரண்டு பிள்ளைகள். பள்ளியில் விளையாட்டு பீரியட் வந்தால் மரத்தடியில் உட்கார்ந்து நோட்டு எழுதிய கூட்டம் நான்.

மூன்று முறையும் என்னைக் கவிழ்த்தது வேகம்தான். ஓடுவது என்றால் மூச்சிரைக்க ஓடுவது என்றே நினைத்திருந்தேன். கூடவே காசும் வீணானது, நாளும் வீணானது. அந்த இரண்டும் உங்களுக்கு மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பெரும்பகுதி ஆண்களுக்கும் பொருந்தும்.

1. ஷூ வாங்கும் முன் ரத்தம் கொடுங்கள்

முதலில் உங்களையே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இதய நோயோ உயர் ரத்த அழுத்தமோ இருக்கிறதா? நெஞ்சில் வலி வருமா? தலைசுற்றலோ மயக்கமோ வந்திருக்கிறதா? நெடுநாள் நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? மூட்டிலோ எலும்பிலோ பழைய கோளாறு உண்டா? ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் மருத்துவரைப் பார்க்காமல் ஓடாதீர்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், ஓடும் நாளில் அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பையில் இரண்டு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும்.

நான் செய்துகொண்டவை: ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு, ஈசிஜி. எங்கள் பக்கத்து லேபில் எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய் ஆனது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் மட்டும் போதுமென்றால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்ப்பார்கள்.

ஹீமோகுளோபினை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் ரத்தசோகை. எனக்கு 9.6 இருந்தது. முதல் இரண்டு முறையும் நூறு மீட்டரில் மூச்சு முட்டியதற்கு "வயசாகிவிட்டது" என்று நானே தீர்ப்பு எழுதியிருந்தேன். உண்மையில் பாதிக் காரணம் இரும்புச்சத்துக் குறைவு. மருத்துவர் சொன்னபடி மூன்று மாதம் மாத்திரை போட்டேன். அந்த மாத்திரையைக் காபி, டீயோடு போடாதீர்கள், உடம்பில் சரியாகச் சேராது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் மாதம் முழுக்க ஃபில்டர் காபியோடுதான் விழுங்கினேன்.

இன்னொன்று. ஓடப் போகிறேன் என்றதும் "முட்டி தேய்ந்துவிடும்" என்று வீட்டில் ஒருவராவது சொல்வார். எனக்குச் சொன்னவர் ஒரு மருத்துவர். ஆரோக்கியமான மூட்டு உள்ளவர் அளவாக ஓடினால் முட்டி தேயும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. ஏற்கெனவே மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் மட்டும் எலும்பு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பிக்கலாம்.

2. எந்த மாதம் தொடங்குவது

நான் முதல் முறை தொடங்கியது மே மாதம். வேறென்ன சொல்ல.

சென்னையில் பெரிய மாரத்தான் ஜனவரியில் நடக்கும். அதிலேயே 10 கி.மீ. பிரிவும் உண்டு. அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அடி எடுத்து வைப்பதிலிருந்து நிற்காமல் அரை மணி நேரம் ஓடுவது வரை ஒன்பது வாரம். அதிலிருந்து 10 கி.மீ.க்கு எட்டு வாரம். மொத்தம் பதினேழு. வடகிழக்குப் பருவமழையில் இரண்டு மூன்று வாரம் போகும், அதையும் சேர்த்தால் இருபது. ஆக, ஆகஸ்ட் நடுவில் தொடங்கினால் சரியாக இருக்கும். பந்தயமே வேண்டாம் என்பவர்களுக்கும் இந்தக் கணக்கு நல்லதுதான். புழுக்கத்தில் தொடங்கி, உடம்பு பழகும் நேரத்தில் மார்கழிக் குளிர் வந்து சேரும்.

காலை ஆறரைக்கு மேல் ஓட நினைக்காதீர்கள். நம் ஊரில் ஆளை வீழ்த்துவது வெயிலும் ஈரப்பதமும் சேர்ந்துதான். வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது.

3. ஷூவும் உடுப்பும்

இரண்டாம் முறை, ஒரு பெரிய கடையில் விற்பனைப் பையன் பேச்சைக் கேட்டு 6,500 ரூபாய்க்கு ஷூ வாங்கினேன். அரை சைஸ் சின்னது. "போடப் போட லூசாகும்" என்றான். கட்டைவிரல் நகம் கறுத்ததுதான் மிச்சம். இப்போது ஓடுவது டெக்கத்லானில் 2,800க்கு வாங்கியதில்.

ஷூவை மாலையில் போய் வாங்குங்கள், அப்போது பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போது போடப்போகும் சாக்ஸையே மாட்டிப் பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். கடைக்குள்ளேயே நாலடி ஓடிப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. 'வாக்கிங் ஷூ', 'கேன்வாஸ் ஷூ', மகன் போட்டுக் கழித்த ஷூ எதுவும் வேண்டாம். நல்ல ஷூ 500 முதல் 800 கி.மீ. வரை தாங்கும். வாங்கிய தேதியை நாக்குப் பகுதியின் உள்பக்கம் பேனாவால் எழுதிவையுங்கள்.

பெண்கள் ஷூவுக்கு அடுத்தபடியாகச் செலவு செய்ய வேண்டியது ஸ்போர்ட்ஸ் ப்ராவுக்கு. யோகாவுக்கு என்று விற்பது ஓட்டத்துக்குப் போதாது. ஓட்டத்துக்கென்றே அழுத்திப் பிடிப்பதாகக் கேட்டு வாங்குங்கள். ட்ரையல் ரூமில் பத்து முறை குதித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். இரண்டு வாங்கினேன், 1,400 ரூபாய். டி-ஷர்ட் பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்து கனமாகி உடம்போடு ஒட்டும். பாலியஸ்டர் டி-ஷர்ட் 300 ரூபாய்க்கே கிடைக்கிறது. தொடை உரசும் இடத்திலும் ப்ரா பட்டிக்கு அடியிலும் வாஸலினோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொள்ளுங்கள். தடவ மறந்தால் குளிக்கும்போது ஞாபகம் வரும்.

முதல் இரண்டு வாரம் சுடிதாரிலேயே ஓடினேன். துப்பட்டா இல்லாமல் தெருவில் இறங்க எனக்கு நாள் பிடித்தது. ட்ராக் பேண்டும் தொடைவரை வரும் லூசான டி-ஷர்ட்டும் போட்டுப் பார்த்த பிறகு, தெருவில் யாரும் என்னைக் கவனிக்கவே இல்லை என்பதும் தெரிந்தது. பால் போடும் தம்பி மட்டும் "அக்கா, பஸ்ஸ விட்டுட்டீங்களா?" என்றான்.

4. எங்கே ஓடுவது

முதல் மாதம் பார்க்கில் ஓடலாம், ஆனால் அங்கே நடப்பவர்கள் கூட்டம் அதிகம். மண் டிராக் உள்ள மைதானம் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. 400 மீட்டர் டிராக்கில் பன்னிரண்டரை சுற்று 5 கி.மீ. சில மைதானங்களில் மாதக் கட்டணம் உண்டு. நான் சேர்ந்த இடத்தில் ஆதார் நகலும் இரண்டு பாஸ்போர்ட் அளவு போட்டோவும் கேட்டார்கள். அங்கே போய் நின்ற பிறகு ஜெராக்ஸ் கடை தேடி அலைந்தேன், காலை ஆறு மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? கையோடு கொண்டுபோங்கள்.

மெரினாவில் உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை ஏறத்தாழ 3 கி.மீ. போய்வந்தால் 6. பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையும் நன்றாக இருக்கும். மணலில் மட்டும் ஓடாதீர்கள், பார்க்க அழகு, குதிகாலுக்கும் கெண்டைக்காலுக்கும் வதை.

தெருவில் ஓடுவதென்றால் வண்டிகளுக்கு எதிர்ப்பக்கமாக ஓடுங்கள், வருவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். டிசம்பர், ஜனவரியில் காலை ஆறு மணிக்கும் இருட்டு. தெருவிளக்கு உள்ள பாதையாகப் பாருங்கள், காதில் ஹெட்போன் வேண்டாம். தூரம் அளக்கும் ஆப் வைத்திருந்தால், ஓட்டம் தொடங்கி முடியும் இடத்தை மறைக்கும் வசதி அதில் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே தேடி மாற்றிவிடுங்கள். ஸ்ட்ராவா என்ற ஆப்பில் இருக்கிறது. மாற்றாவிட்டால் உங்கள் வீடு எங்கே, எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்பதெல்லாம் முன்பின் தெரியாதவருக்கும் தெரியும்.

நாய். இதுதான் உண்மையான தலைவலி. துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, முறைத்துப் பார்க்காமல், மெதுவாக நடந்து கடந்துவிடுங்கள். பத்தில் ஒன்பது தடவை அதோடு முடிந்துவிடும். பத்தாவது தடவை எனக்கு நடந்தது. கடித்துவிட்டாலோ பல் கீறினாலோ உடனே குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே தடுப்பூசிக்குப் போய்விடுங்கள், அரசு மருத்துவமனையில் இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் வைக்காதீர்கள். முதல் ஊசியோடு நிற்காமல் சீட்டில் எழுதிய எல்லாத் தேதிக்கும் போக வேண்டும். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த ஊசிக்குப் போகும்போது கேட்பார்கள்.

5. ஒன்பது வாரம்

'கவுச் டு ஃபைவ் கே' (சோபாவிலிருந்து 5 கி.மீ. வரை) என்ற திட்டம்தான் நான் பின்பற்றியது. செலவில்லை, போனில் இலவச ஆப்கள் நிறைய இருக்கின்றன. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம். அடுத்தடுத்த நாளில் ஓடக் கூடாது. எனக்குச் செவ்வாய், வியாழன், ஞாயிறு.

முதல் வாரம்: ஐந்து நிமிடம் வேக நடை. பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, மாறி மாறி 20 நிமிடம். அவ்வளவுதான். "இவ்வளவு சுலபமா?" என்று தோன்றும். அந்த இடத்தில்தான் நான் மூன்றாம் முறை கோட்டை விட்டேன். சுலபமாக இருக்கிறதே என்று இரண்டு நாளில் இரண்டாம் வாரத்துக்குத் தாவினேன். இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் மாதக்கணக்கில்தான் பழகும். மூச்சு தாங்குகிறதே, காலும் தாங்கும் என்று நம்பக் கூடாது.

இப்போது வேகம். ஓடும்போது ஏழாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "ஏழு எட்டு ஐம்பத்தாறு" வரை மூச்சு வாங்காமல் வந்தால் சரியான வேகம். நடுவில் திணறினால் வேகம் அதிகம். பக்கத்தில் நடந்துபோகும் தாத்தா உங்களைத் தாண்டிப் போகலாம், போகட்டும். நான் ஆரம்பத்தில் ஒரு கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டேன். அது வேக நடையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் ஓட்டம்தான். சின்னச் சின்ன அடியாக, சத்தம் வராமல் பாதம் வையுங்கள். தொம் தொம் என்று சத்தம் கேட்டால் அடி நீளமாகிவிட்டது என்று அர்த்தம்.

ஐந்தாம் வாரம் எச்சரிக்கை. முதல் நாள் ஐந்து ஐந்து நிமிடமாக மூன்று ஓட்டம். இரண்டாம் நாள் எட்டு நிமிடமாக இரண்டு. மூன்றாம் நாள் திடீரென்று நிற்காமல் 20 நிமிடம். அட்டவணையைப் பார்த்ததும் அச்சுப்பிழை என்றே நினைத்தேன். நிறைய பேர் விடுவது இங்கேதான். பயமாக இருந்தால் நான்காம் வாரத்தையே இன்னொரு வாரம் ஓடுங்கள், யாரும் மார்க் போடப் போவதில்லை. நான் அப்படித்தான் செய்தேன். ஒன்பது வாரத் திட்டம் எனக்குப் பன்னிரண்டு வாரமானது.

மாதவிடாய் நாட்களில் ஓடலாமா என்றால், உடம்பு ஒத்துழைத்தால் ஓடலாம். முதல் நாள் நான் ஓடுவதில்லை. பிரசவம் ஆனவர்களுக்கு ஓடும்போது சிறுநீர் கசிவது ரொம்ப சாதாரணம், யாரும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். பேட் வைத்துக்கொண்டு ஓடிச் சமாளிப்பதைவிடப் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். இடுப்படித் தசைக்கான பயிற்சி சொல்லித்தருவார். எனக்கு மூன்று மாதத்தில் பெரும்பாலும் சரியானது.

6. எந்த வலியைப் பொறுக்கலாம்

தொடையும் கெண்டைக்காலும் இரண்டு நாள் கனமாக இருந்தால் ஒன்றுமில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்ளோரம் நெடுக வலித்தால் ஓட்டத்தை நிறுத்தி ஓய்வு கொடுங்கள். எனக்கு வந்தது அதுதான். காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால் வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டு நடங்கள். எலும்பில் ஒரு விரல் வைக்கும் அளவு இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்தால் விரிசலாக இருக்கலாம், மருத்துவரிடம்தான் போக வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே கூடாது. நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, கண் இருட்டுவது, இவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நின்று 108ஐக் கூப்பிடுங்கள்.

7. வயிறு

அரை மணி நேர ஓட்டத்துக்குத் தனிச் சாப்பாடு தேவையில்லை. கிளம்பும் முன் பாதி வாழைப்பழம், அரை டம்ளர் தண்ணீர். ஒரு மணி நேரத்தைத் தாண்டும்போது மருந்துக்கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொடி போதும். பாக்கெட்டில் எழுதிய அளவு தண்ணீரில் கரையுங்கள். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும்.

8. எப்போது பிடிக்கும்

எனக்கு ஏழாம் வாரம். அதுவரை கடமைதான்.

ஒன்று கண்டுபிடித்தேன்: முதல் பத்து நிமிடம் எப்போதும் மோசம். இன்றைக்கும் அப்படித்தான். கால் மரக்கட்டை, மனசு "திரும்பிவிடு" என்கிறது. பதினோராம் நிமிடத்தில் ஏதோ ஒன்று இளகும். அதற்கு முன்னால் அந்த நாளைப் பற்றி முடிவெடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை வாட்சை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். எண் எதுவும் இல்லாமல் ஓடியபோதுதான் தெருவே கண்ணில் பட்டது. மார்கழி என்பதால் வாசலெல்லாம் கோலம். மிதிக்காமல் வளைந்து வளைந்து ஓடியதில் எத்தனை தூரம் ஆனது என்றே தெரியவில்லை. ஒரு மாமி தலை நிமிராமலே "அந்தப் பக்கமா போம்மா" என்றார்.

தனியாக ஓட அலுத்துவிட்டால் குழுவில் சேருங்கள். சென்னை ரன்னர்ஸ் குழுவுக்கு ஊருக்குள் பல பகுதிகளில் கிளைகள் உண்டு. கூட ஓடுபவர் வேகத்துக்கு இழுபடாதீர்கள், அவ்வளவே. நான் கடைசி ஆளாகத்தான் வருவேன். எனக்காகக் காபிக் கடையில் காத்திருப்பார்கள்.

9. பந்தயப் பதிவு

சில மாதம் முன்பே பதிவு திறப்பார்கள். முதலில் பதிவு செய்பவர்களுக்குக் கட்டணம் குறைவு. நான் 10 கி.மீ.க்குக் கட்டியது 1,250 ரூபாய். கட்டும் முன் மூன்று விஷயம் பாருங்கள்: பணம் திரும்பக் கிடைக்குமா (பெரும்பாலும் கிடைக்காது), வேறொருவருக்கு மாற்ற முடியுமா (பெரும்பாலும் முடியாது), எத்தனை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும்.

படிவத்தில் அடையாள அட்டையில் உள்ளபடியே பெயர் எழுதுங்கள். என் ஆதாரில் இனிஷியல் முன்னால், பதிவில் பின்னால். பிப் (நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) வாங்கப் போனபோது அதற்காகத் தனி வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன். ரத்த வகை, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண், மருந்து ஒவ்வாமை எல்லாவற்றையும் உண்மையாக நிரப்புங்கள். அவசர எண்ணாக, கூட ஓடுபவருடையதைக் கொடுக்காதீர்கள், அவர் போன் பையில் கிடக்கும். டி-ஷர்ட் சைஸ் ஒன்று பெரிதாகவே போடுங்கள்.

பிப் பெரும்பாலும் பந்தயத்துக்கு முந்தைய நாட்களில் மட்டும்தான் தருவார்கள், அன்று காலை தர மாட்டார்கள். கொண்டுபோக வேண்டியவை: பதிவு உறுதி மெயில், அடையாள அட்டையின் அசல், ஒரு நகல். உங்களுக்குப் பதில் வீட்டில் யாராவது போனால் நீங்கள் கையெழுத்திட்ட கடிதமும் உங்கள் அடையாள அட்டை நகலும் கேட்கலாம். மெயிலில் இருக்கும் விதியை ஒருமுறை படித்துவிடுங்கள். வேறொருவர் பிப்பைப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். நீங்கள் விழுந்தால் அவருடைய ரத்த வகையைத்தான் பார்ப்பார்கள்.

10. அன்று காலை

புது ஷூ, புது சாக்ஸ், அவர்கள் தந்த புது டி-ஷர்ட் எதையும் அன்று முதல்முதலாகப் போடாதீர்கள். நேரம் அளக்கும் சிப் பிப்பின் பின்பக்கம் ஒட்டியிருந்தால் மடிக்கவோ கசக்கவோ கூடாது. நான்கு முனையிலும் ஊக்கு குத்தி நெஞ்சில் மாட்டுங்கள். சாலைகளை அடைத்துவிடுவார்கள், ஆட்டோக்காரர் சொன்ன இடத்துக்கு வர முடியாது. முந்தின இரவே அவரிடம் பேசி, ஒரு கிலோமீட்டர் முன்னால் இறங்கி நடக்கும்படி திட்டமிடுங்கள். கழிப்பறை வரிசைக்குத் தனியாக அரை மணி நேரம்.

ஆரம்பக் கோட்டில் எல்லாரும் பாய்வார்கள். நீங்கள் கடைசியில் நின்று ஏழாம் வாய்ப்பாடு சொல்லுங்கள். நான் முதல் 2 கி.மீ.யில் கூட்டத்தோடு பறந்து, எட்டாவதில் நடந்தேன். 1 மணி 28 நிமிடத்தில் முடித்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை என்றால் லீவு சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. எங்கள் கிளையில் லாக்கர் அறை கீழ்த்தளத்தில், அன்றைக்குப் பார்த்து பதினான்கு பேர் லாக்கர் திறக்க வந்தார்கள்.